பெற்றோரின் மனநோயும் பிள்ளைகளின் சுமையும்: வாசகர் கேள்வி – பதில்

தாய்க்கோ தந்தைக்கோ மனநோய் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறுக்கு மனநல மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கமாக வெளியிடுகிறோம்.

கேள்வி: என் கணவருக்கு இருதுருவ மனநோய். இருமுறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு முறையும் பிள்ளைகளிடம், 'அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்' என்றே சொன்னோம். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 11. இப்போது மகள், 'அப்பா மறுபடியும் எப்போது வெளியூர் போவார்?' என்று கேட்கிறாள். அவர் சற்று உரக்கப் பேசினாலே என் முகத்தைப் பார்க்கிறாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் மனம் தாங்குமா? சொல்வதானால் எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் மகள் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நீங்கள் சொன்ன வெளியூர் உண்மையில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் குரல் உயர்வதற்கும், அதற்குச் சில நாட்களில் அவர் வீட்டில் இல்லாமல் போவதற்கும் உள்ள தொடர்பையும் அவளாகவே கவனித்து வைத்திருக்கிறாள். இதற்குப் பெயர் என்ன, இது யாரால் வந்தது, அடுத்த முறை என்ன நடக்கும் என்பவை மட்டுமே அவளுக்குத் தெரியாதவை. பெரியவர்கள் சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகள் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாகவே இருக்கும். உங்கள் மகனுடைய வயதில், சுற்றி நடப்பவற்றுக்கெல்லாம் தானே காரணம் என்று நினைப்பது குழந்தை இயல்பு. 'நான் அன்றைக்கு அடம்பிடித்தேன், அதனால்தான் அப்பா போய்விட்டார்' என்று அவன் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கக் கூடும். தாங்குமா என்று கேட்கிறீர்கள். இருவரும் ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், துணையில்லாமல் தாங்குகிறார்கள்.

சொல்ல வேண்டியவர் முடிந்தவரை உங்கள் கணவரே. அவர் நலமாக இருக்கும் ஒரு காலத்தில், நீங்களும் உடன் அமர்ந்து, அவர் வாயால் சொல்லக் கேட்பது பிள்ளைகளுக்கு வேறெதுவும் தராத தெளிவைத் தரும். தந்தை என்ற இடத்தில் அவர் உறுதியாக நிற்கவும் அது உதவும். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் வில்லியம் பியர்ட்ஸ்லி, மனச்சோர்வுள்ள பெற்றோரின் குடும்பங்களுக்காக உருவாக்கிய முறை இந்த எண்ணத்தின் மீதே அமைந்தது. அதில் முதலில் பெற்றோரையும், பின்பு பிள்ளைகளையும் தனித்தனியே சந்தித்துப் பேசிவிட்டு, அனைவரும் கூடும் அமர்வில் தம் நோயைப் பற்றிப் பெற்றோரே பிள்ளைகளிடம் பேசுவார்கள். பின்லாந்தில் டுட்டி சோலன்டவுஸ் என்ற மருத்துவர் 2001 முதல் இதைப் பரப்பியதோடு, இரண்டு மூன்று சந்திப்புகளிலேயே முடியும் எளிய வடிவம் ஒன்றையும் உருவாக்கினார். அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத இடத்திலும், கணவரின் மருத்துவரிடம் கேட்டு ஒரு சந்திப்பைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கிக்கொள்ளலாம்.

மகனிடம் சில வாக்கியங்கள் போதும். 'அப்பாவின் மூளையில் ஒரு நோய் இருக்கிறது. அது வரும்போது அப்பா தூங்க மாட்டார், மிகவும் வேகமாகப் பேசுவார், சட்டென்று கோபப்படுவார். நீ செய்த எதனாலும் அது வரவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. மருத்துவர் மருந்து தருகிறார். அந்த நாட்களில் உன்னை நான் பார்த்துக்கொள்வேன்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆறு வயதில் நோயின் பெயரைவிட நாளைக்குப் பள்ளிக்கு யார் அழைத்துப்போவார் என்பதே பெரிய கேள்வி. மகளிடம் நோயின் பெயரைச் சொல்லலாம். உற்சாகம் எல்லை மீறும் காலமும், எழுந்திருக்கவே மனமில்லாத காலமும் மாறி மாறி வரக்கூடும், இடையில் அப்பா வழக்கம்போல் இருப்பார், நன்றாக இருக்கும்போதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதையெல்லாம் பதினொரு வயதுப் பெண் நன்றாகவே புரிந்துகொள்வாள். 'வெளியூர் என்று சொன்னது சரியில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படிச் சொன்னோம்' என்பதையும் அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்து நீங்கள் சொல்வதை அவள் நம்ப வேண்டுமல்லவா?

நோய் இனி வரவே வராது என்று மட்டும் வாக்களிக்காதீர்கள். மருந்து எடுத்தாலும் இந்த நோய் திரும்பக்கூடியது. வாக்குப் பொய்த்தால் நோயும் வரும், நீங்கள் பொய் சொன்னீர்கள் என்ற எண்ணமும் சேர்ந்து வரும். அதற்குப் பதிலாக, திரும்பினால் என்ன செய்வோம் என்பதைச் சொல்லுங்கள்: யாரை அழைப்போம், அவர்கள் எங்கே தூங்குவார்கள், அப்பாவை எப்போது பார்க்கலாம். அவரை மருத்துவமனையில் பார்க்க அழைத்துச் செல்வதாயிருந்தால், பிள்ளைகள் வருவதற்கு ஏற்ற நிலையில் அவர் இருக்கிறாரா என்று முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தினால் அவர் மெதுவாகப் பேசலாம், தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம் என்பதையும் பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இது ஒரே நாளில் முடிகிற பேச்சு இல்லை. மகன் மறுபடி மறுபடி அதே கேள்வியைக் கேட்பான், மகள் பல நாட்கள் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டு எதிர்பாராத நேரத்தில் கேட்பாள். இரண்டும் இயல்பானவை.

கேள்வி: எனக்கு 15 வயது. என் அம்மாவுக்கு மனச்சிதைவு நோய். அப்பா எங்களுடன் இல்லை. பாட்டியால் அதிகம் நடக்க முடியாது. சமையல், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது, அம்மாவைக் குளிக்கச் சொல்லிக் கெஞ்சுவது எல்லாம் நான்தான். அம்மா மாத்திரை வேண்டாம் என்றால், பொடித்து உணவில் கலந்துவிடு என்கிறார் பாட்டி, அப்படியும் செய்திருக்கிறேன். யாரோ எங்களைக் கண்காணிப்பதாக அம்மா சொல்லும்போது என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவர் தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வாரோ என்று இரவில் விழித்திருக்கிறேன். எல்லோரும் என்னைப் பொறுப்பான பெண் என்கிறார்கள். சில நேரங்களில் அம்மாவை வெறுக்கிறேன். நான் கெட்டவளா?

பதில்: இல்லை. பல ஆண்டுகள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களும் இதே வெறுப்பைப் பற்றித்தான் மருத்துவரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறார்கள். ஒருவரை நேசிப்பதும் அவரால் சலித்துப்போவதும் ஒரே நாளில், ஒரே மனத்தில் நடப்பவை. அதற்காக உன்னை நீ தண்டித்துக்கொள்ளாதே.

முதலில் இரவு விழித்திருப்பதைப் பற்றிப் பேசவேண்டும், ஏனென்றால் அதற்குக் காத்திருக்க நேரமில்லை. ஒருவரின் உயிருக்குக் காவல் இருப்பது 15 வயதுப் பெண்ணின் வேலை ஆகாது. பயிற்சி பெற்ற செவிலியர்கள்கூட அதை முறைவைத்துத்தான் செய்கிறார்கள். அம்மா சாக வேண்டும் என்று பேசியிருந்தாலோ, குரல்கள் தன்னை எதையோ செய்யச் சொல்வதாகக் கூறியிருந்தாலோ, நீ பயப்படும்படி ஏதாவது செய்திருந்தாலோ, அதை இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்; அம்மாவின் மருத்துவருக்கும் அது இன்றைக்கே தெரிய வேண்டும். பாட்டியிடம் சொல்லிப் பயனில்லையென்றால் உறவினர், பக்கத்து வீட்டார், உன் ஆசிரியர் என்று யாராவது ஒருவர் செயல்படும்வரை சொல். ஆபத்து கண்முன்னே இருந்தால் அவசர உதவி எண்ணை அழை. யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவே சத்தியம் வாங்கியிருந்தாலும், அந்தச் சத்தியம் உன்னைக் கட்டுப்படுத்தாது.

அடுத்து, மாத்திரையைப் பொடித்துக் கலப்பதை நிறுத்திவிடு. பாட்டி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வேறு வழி தெரியாமல் சொல்கிறார். ஆனால் சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை; பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். தன் உணவில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற பயம் இந்த நோயில் அடிக்கடி வருவது. ஒருநாள் அம்மா கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பயம் உண்மையாகிவிடும், அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே நம்பிக்கையான நீயும் அவர் கண்ணில் சந்தேகத்துக்குரியவளாகி விடுவாய். அவர் மருந்தை மறுக்கிறார் என்பதை அப்படியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நடுக்கம், உடல் பருமன், எந்நேரமும் தூக்கம் போன்ற பக்கவிளைவுகள் அவரை வெறுக்க வைத்திருக்கலாம். அப்படியானால் மருந்தையோ அளவையோ மாற்ற முடியும். தினமும் மாத்திரை விழுங்குவதற்குப் பதிலாக, மருந்தைப் பொறுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, மாதம் ஒருமுறையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போட்டுக்கொள்ளும் ஊசிகளும் இருக்கின்றன. அம்மா சம்மதித்து அந்த ஊசிக்கு மாறினால், மாத்திரைக்காக வீட்டில் தினமும் நடக்கும் போராட்டமே இருக்காது.

கண்காணிக்கிறார்கள் என்று அம்மா சொல்லும்போது, அப்படி யாரும் இல்லை என்று வாதாடாதே. வாதத்தால் அந்த நம்பிக்கை தளராது. ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். 'எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை அம்மா, ஆனால் நீங்கள் பயந்துபோயிருப்பது தெரிகிறது' என்று சொல்லிவிட்டு, விளக்கைப் போடுவது, பக்கத்தில் உட்காருவது, வேறு அறைக்கு அழைத்துப்போவது என்று அந்தப் பயத்துக்கு ஏதாவது செய். அவர் கோபமாக இருந்தால் பக்கத்தில் போக வேண்டாம். தம்பியை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. அவருடைய பயத்துக்குள் நீயோ தம்பியோ வந்துவிட்டால், அதாவது உங்களையே எதிரியாக எண்ணத் தொடங்கினாலோ, யாரிடமிருந்தோ காப்பாற்றுவதாக உங்களைப் பூட்டி வைத்தாலோ, அது உடனே உதவி கேட்க வேண்டிய நிலை.

இனி உன்னைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினாலும் சரி. ஒரு பிள்ளையைப் பொறுப்பானவள் என்று புகழ்ந்துவிட்டு எழுந்து போவது மிகவும் வசதியானது. அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு அவள் முடியவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டு வேலையில் பங்கெடுப்பது எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை, சொல்லப்போனால் நோயுற்ற தாய்க்கு உதவ முடிந்தது என்ற நிறைவு பிற்காலத்தில் பலருக்கும் பெருமையாகவே நிற்கிறது. ஆனால் மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு, இரவுக் காவல், பணக் கணக்கு, தாயின் அந்தரங்கத் துயரங்களைக் கேட்டுக்கொள்ளும் தோழியின் வேலை ஆகிய நான்கும் ஒரு பிள்ளையின் தலையில் இறங்கினால், அது உதவி என்ற எல்லையைக் கடந்துவிட்டது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை கல்விக்கும், ஓய்வுக்கும், விளையாட்டுக்கும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உன்னைப் போன்ற இளம் பராமரிப்பாளருக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பே மதிப்பிட்டாக வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத நாட்டிலும் பிள்ளையின் தேவை அதேதான்.

நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரே தாளில், அம்மாவின் நோயின் பெயர், மருந்துகளும் அளவும், மருத்துவரின் எண், உடனே வரக்கூடிய இரண்டு பெரியவர்களின் எண்கள், அவசர எண், நீயும் தம்பியும் போய்த் தங்கக்கூடிய வீடு ஆகியவற்றை எழுதி வை. அம்மா தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரிடமும் காட்டி, எதை மாற்ற வேண்டும் என்று கேள். தன் நோய் முற்றும்போது என்ன நடக்க வேண்டும் என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். அந்தத் தாளின் நகல் உன் பள்ளிப் பையிலும், அந்த இரண்டு பெரியவர்களிடமும் இருக்கட்டும். அவர்களிடம் பேசத் தயக்கமாக இருந்தால், எனக்கு எழுதிய இதே கடிதத்தையே அவர்களிடம் கொடு.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். என் வகுப்பு மாணவன் ஒருவன் தாமதமாக வருகிறான், வகுப்பில் தூங்குகிறான், இடைவேளையில் அலுவலகத் தொலைபேசியைக் கேட்கிறான். அவன் தாய்க்கு நீண்ட நாளாக மனச்சோர்வு என்று தெரியவந்தது. நான் தலையிடலாமா?

பதில்: தலையிடலாம், விசாரணையாக இல்லாதவரை. அவனைத் தனியே அழைத்து, 'நீ களைப்பாகத் தெரிகிறாய், வீட்டில் நிறைய வேலை இருக்கிறதோ?' என்று கேட்டுவிட்டு, அவன் ஒன்றுமில்லை என்றாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்டவர் யார் என்று அவன் நினைவில் வைத்துக்கொள்வான். இப்பிள்ளைகள் பெரும்பாலும் ஒளித்தே வாழ்கிறார்கள். வீட்டு விஷயம் வெளியே போனால் தம்மைப் பிரித்துவிடுவார்கள், அம்மாவை எங்கேயோ கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு நிஜமானது. எனவே அவன் பேசத் தொடங்கும் முன்பே, எதை உங்களுக்குள் வைத்துக்கொள்வீர்கள், ஆபத்து என்றால் யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் பின்னால் மீறுவது மோசமானது.

அவன் இடைவேளையில் தொலைபேசி கேட்பதைத் தடுக்காதீர்கள். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டால், அடுத்த இரண்டு மணி நேரம் அவன் வகுப்பில் இருப்பான். தடுத்தால் உடல் மட்டும்தான் இருக்கும். தாமதத்துக்கு மற்றவர்கள் முன் காரணம் கேட்காமல் இருப்பது, வீட்டுப்பாடத்துக்குக் கூடுதல் நாள் தருவது, பள்ளியிலேயே அதை முடிக்க ஓர் இடம் தருவது ஆகியவற்றுக்குப் பெரிய அனுமதிகள் தேவையில்லை. விளையாட்டு அணியிலோ நாடகத்திலோ அவன் இருந்தால், மதிப்பெண் குறைந்ததற்காக அதிலிருந்து நீக்கிவிடாதீர்கள். வாரத்தில் அவன் வெறும் சிறுவனாக இருக்கும் நேரம் அது மட்டுமாக இருக்கலாம். எல்லோரும் அவனிடம் அம்மாவின் நலத்தையே கேட்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று நீங்களாவது கேளுங்கள்.

கேள்வி: என் குழந்தைக்கு ஒன்றரை வயது. பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வு இன்னும் முழுதாக விலகவில்லை. குழந்தை சிரிக்கும்போது எனக்கு முகத்தில் சிரிப்பு வருவதில்லை. தாய் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால் குழந்தை தவித்துப்போகும் ஒரு சோதனையைக் காணொளியில் பார்த்தேன். நான் என் குழந்தையைக் கெடுத்துவிட்டேனா? என் அக்காவிடம் விட்டுவிடுவது அதற்கு நல்லதா?

பதில்: நீங்கள் பார்த்தது அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் செய்த சோதனை. தாய் வழக்கம்போல் கொஞ்சிவிட்டு, திடீரென இரண்டு நிமிடம் போல முகத்தை உறையவைத்துக்கொள்வார். குழந்தை சிரித்தும், கைநீட்டியும், கூச்சலிட்டும் பார்த்துவிட்டுக் கலங்கிப்போகும். அந்தக் காணொளியைப் பார்த்துப் பயப்படுபவர்கள் மூன்றாவது பகுதியை மறந்துவிடுகிறார்கள். தாய் மறுபடி சிரித்துப் பேசுகிறார், கலங்கிய குழந்தை அவரிடம் திரும்பி வருகிறது. ட்ரானிக் தொடர்ந்து செய்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி உங்களுக்கு ஆறுதல் தரக்கூடும்: நோய் எதுவும் இல்லாத தாயும் குழந்தையும்கூட ஒருவரோடு ஒருவர் இசைந்திருப்பது சிறு பகுதி நேரமே, மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி சேர்வதுமாகவே கழிகிறது. அந்த மறுபடி சேர்தலில்தான் குழந்தையின் நம்பிக்கை வளர்கிறது.

ஆகவே நாள் முழுவதும் சிரித்த முகமாக இருக்க முயன்று தோற்றுப்போகாதீர்கள். உங்களுக்குச் சற்றுத் தெம்பு இருக்கும் நேரத்தைப் பார்த்து, அது பத்து நிமிடமானாலும், தரையில் அமர்ந்து குழந்தை செய்வதைப் பார்த்து அதையே திருப்பிச் செய்யுங்கள், அது எழுப்பும் ஒலியைத் திருப்பி எழுப்புங்கள். சிரிப்பு வராவிட்டால் குரல் போதும், தொடுகை போதும். முடியாத நேரத்தில், 'அம்மா களைப்பாக இருக்கிறேன், கொஞ்ச நேரத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே வாருங்கள். ஒன்றரை வயதுக்கு அந்தச் சொற்கள் முழுதாகப் புரியாமல் போகலாம், நீங்கள் திரும்பி வந்தது புரியும்.

உங்கள் சிகிச்சையே உங்கள் குழந்தைக்குச் செய்யும் உதவி என்பதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தாய்மார்கள் தம் சிகிச்சையைச் சுயநலமாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். மிர்னா வைஸ்மன் தலைமையிலான குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதச் சிகிச்சையில் மனச்சோர்வு நீங்கிய தாய்மார்களின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகள் குறைந்தன. நோய் நீங்காத தாய்மார்களின் பிள்ளைகளிடம் அவை கூடின. அந்தப் பிள்ளைகள் உங்கள் குழந்தையைவிடப் பெரியவர்கள், ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள். இருந்தாலும் எந்தத் திசையில் போகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. ஒன்றரை ஆண்டாகியும் நோய் முழுதாக நீங்கவில்லை என்றால் இப்போதைய சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மருந்தின் அளவு போதுமா, உளவியல் சிகிச்சை சேர்க்கப்பட்டதா, தைராய்டு, இரத்தசோகை ஆகியவை சோதிக்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைக்கோ உங்களுக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால், வெட்கப்படாமல் அன்றைக்கே சொல்லுங்கள். அதைக் கேட்டுப் பழகியவர்கள்தாம் நாங்கள்.

அக்காவின் உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கத்துக்கும் சில பகல் நேரங்களுக்கும் அவர் இருந்தால், குழந்தைக்குப் பற்றிக்கொள்ள இன்னொரு கையும் கிடைக்கும், உங்களுக்கு ஓய்வும் கிடைக்கும். ஆனால் நீங்கள் அதற்குத் தீங்கு என்ற எண்ணத்தில் முழுவதுமாக விட்டுக்கொடுக்க நினைப்பது மனச்சோர்வு பேசும் பேச்சு. அந்த முடிவை நோய் குறையும்வரை எடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. அப்பாவுக்கு மனச்சிதைவு நோய். எனக்கும் வருமா? முன்கூட்டியே அறியப் பரிசோதனை உண்டா? நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே இந்த நோய் வருகிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு வருகிறது. கூடுதல்தான், ஆனாலும் உங்கள் நிலையில் இருக்கும் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு இது வருவதில்லை. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் நடுப்பகுதிக்குள்ளும், பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும் தொடங்குவதால், நீங்கள் அந்தக் காலத்தின் ஒரு பகுதியைக் கடந்துவிட்டீர்கள். ஒருவருக்கு வரும் வராது என்று சொல்லும் இரத்தப் பரிசோதனையோ மரபணுப் பரிசோதனையோ கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். கஞ்சாவைத் தொடாதீர்கள், அது இந்த ஆபத்தை உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்றுகள் உண்டு. தூக்கம் நீண்ட நாள் கெட்டாலோ, காரணமில்லாத சந்தேகம் தலைதூக்கினாலோ, யாரும் இல்லாதபோது குரல் கேட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றவர்கள் மீள்வது எளிது. குழந்தை பெற்றுக்கொள்ளலாம். உங்களுக்கு நோய் இல்லாதபோது, உங்கள் அப்பாவுக்குப் பேரக்குழந்தையாகும் உங்கள் குழந்தைக்கான ஆபத்து இன்னும் குறைவு.

கேள்வி: என் தங்கைக்கு இருதுருவ மனநோய். கணவர் பிரிந்துவிட்டார். 9 வயது மகனுடன் தனியே இருக்கிறாள். நான் தாய்மாமன், பையனை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வளர்க்கலாம் என்று என் மனைவியும் சம்மதிக்கிறார். தங்கை அழுகிறாள். எது சரி?

பதில்: பையன் அடிவாங்குகிறான், பட்டினி கிடக்கிறான், தங்கையின் நோய் முற்றிய நேரத்தில் அவனோடு வேறு பெரியவர் யாரும் இல்லை என்றால் அழுகையைப் பார்க்க வேண்டாம், உடனே அழைத்து வாருங்கள். அப்படி எதுவும் இல்லை, நோய் இருக்கிறது என்பது மட்டுமே காரணம் என்றால், பிரிப்பது இன்னொரு காயம். பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1960-களிலிருந்து செய்த ஆய்வுகளில், பெற்றோருக்கு உள்ள நோய் எது என்பதைவிட, வீட்டில் நிலவும் சண்டையும் பகைமையுமே பிள்ளையின் மனநலத்தை அதிகம் பாதிப்பதைக் கண்டார். உங்களுக்கும் தங்கைக்கும் நடுவே பையனை வைத்து ஒரு இழுபறி தொடங்கினால், நோயிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அந்தச் சூழலையே நீங்கள் உருவாக்கிவிடுவீர்கள்.

தங்கை நலமாக இருக்கும்போது அவருடன் உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தூங்காமல் இருந்தால், பணத்தைக் கட்டுமீறிச் செலவழிக்கத் தொடங்கினால், மாத்திரையை நிறுத்தினால் என்று நோய் திரும்புவதற்கான அடையாளங்களை அவரே சொல்லட்டும். அவர் சொன்னவை தென்பட்டதும் பையன் உங்கள் வீட்டுக்கு வருவான், நோய் தணிந்ததும் திரும்புவான் என்று முடிவுசெய்யுங்கள். பள்ளி மாறக்கூடாது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் எப்போதும் அவன் உங்களோடு இருக்கட்டும், எல்லாம் நன்றாக இருக்கும் வாரத்திலும்கூட; அப்போதுதான் மாமா வீட்டுக்குப் போவது அம்மாவுக்கு நோய் வந்ததன் அடையாளமாக அவன் மனத்தில் பதியாது. அவன் முன்னால் அவன் தாயைக் குறைத்துப் பேச வீட்டில் யாரையும் அனுமதிக்காதீர்கள். அவன் பிரிந்திருக்கும் நாட்களில் அவரோடு எப்போது பேசலாம் என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்னொன்று. நார்வேயில் 2010 முதல், நோயாளிக்கு வயது வராத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டறிந்து அவர்களின் தேவைகளைக் கவனிப்பது மருத்துவப் பணியாளர்களின் சட்டப்படியான கடமை. அப்படி இல்லாத இடங்களில் எங்களில் பலர் கேட்பதே இல்லை. தங்கை சம்மதித்தால், அடுத்த முறை அவர் மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் உடன் சென்று, இந்த வீட்டில் 9 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லுங்கள். எழுதிய ஏற்பாட்டின் நகலையும் அவருடைய கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.